மணியோசைக்கு நேரே

கழிக்கரையில் யாரைக் கேட்டாலும் ஆதிமூலத்தின் மணியைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். ஒரு வாய்கூடக் குறை சொன்னதில்லை. அதுதான் ஆதிமூலத்தைப் போட்டு அரித்தது. மணி அவ்வளவு நல்ல மணி என்றால் ஆட்கள் ஏன் இன்னும் காணாமல் போகிறார்கள்?

கரைக்கும் அம்மன் தீவுக்கும் நடுவில் ஒன்றரை மைல் கழி. கடல் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து நடந்தே போய் வரலாம். வெயில் நாளில் குழந்தைகூட நடந்துவிடும். தை, மாசியில் பனி இறங்கிவிட்டால் மட்டும் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. முன்பெல்லாம் தீவில் மாட்டிக்கொண்டவர்கள் பனி கலையட்டும் என்று வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். பனி கலைவதற்குள் தண்ணீர் ஏறிவிடும். அப்புறம் இன்னொரு பொழுது காத்திருக்க வேண்டும்.

வெண்கலம் வார்க்கிற ஆதிமூலம் பிழைக்க வந்த இடத்தில் இந்தச் சங்கடத்தைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. ஒரு மணி வார்த்துக் கரையில் கட்டினார். பனி நாளில் தானே நின்று அடிப்பார். மும்மூன்று அடி, நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம். சத்தம் வருகிற பக்கம் கரை என்று தெரிந்துகொண்டு ஜனங்கள் நடந்து வந்தார்கள். ஊரே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

மூன்றாம் வருஷப் பனியில் அவர் மனைவி செங்கமலமே வரவில்லை. கழிச் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கப் போனவள். உச்சிப் பொழுதுவரை மணியடித்ததில் அவருக்கு உள்ளங்கைத் தோல் கழன்றுவிட்டது.

சத்தம் போதவில்லை என்று முடிவு கட்டினார். அந்த மணியோடு, அவள் புழங்கிய வெண்கலப் பானையையும் கும்பாவையும் சேர்த்து உருக்கி, இரண்டு மடங்கில் இன்னொன்று வார்த்தார். அதற்கப்புறமும் மூன்று பனிக்காலத்தில் பதினோரு பேர் போய்விட்டார்கள். பாதிப் பேர் வெளியூரிலிருந்து சாமி கும்பிட வந்தவர்கள். இப்போது ஆள் உயரத்துக்கு மூன்றாவது மணி வார்த்து முடித்திருந்தார்.

நாளை மறுநாள் மாசி மகம். அதற்கு முந்தின சாயங்காலம் முந்நூறு பேராவது தீவுக் கோயிலுக்குப் போய், தங்கி, மகத்தன்று விடியலில் திரும்புவார்கள். அதற்குள் புது மணியைக் கட்டியாக வேண்டும். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அதைக் கேட்கத்தான் பெரியநாயகி அம்மாளிடம் போனார்.

பேர்தான் பெரியநாயகி. ஆள் ஒடிசல், வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. ஊர்க்கோடியில் தனியாக நண்டு பிடிக்கிற கூடு பின்னிக்கொண்டிருப்பாள். தச்சனோ கொல்லனோ, செய்த வேலை ஏன் சரியாக வரவில்லை என்று குழம்பினால் அவள் வாசலில் போய் உட்காருவார்கள். ஐம்பத்தெட்டு வயது ஆதிமூலம் அவளுக்குச் சீடராகி நாலு வருஷம் ஆகிறது. அவர் அவளை 'அம்மா' என்பார். அவள் அவரை 'ஐயா' என்பாள். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒரு தடவை அவளிடம் பேசிவிட்டு வந்தபின் சிரிப்பை விட்டுவிட்டார்கள்.

"வெள்ளீயம் இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தா சத்தம் தூரமாப் போகுமா அம்மா?" என்றார் ஆதிமூலம்.

"சத்தம் போகலைன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. பனி நாள்ல கரையேறுற ஒவ்வொருத்தரையும் நிறுத்தி வச்சுக் கேட்டிருக்கேன்."

"என்னன்னு கேட்டீங்க?"

"மணி நல்லாக் கேக்குதான்னு."

"அதுக்கு?"

"கணீர்னு கேக்குதுன்னாங்க."

"கேக்கத்தானே செய்யுது. அவங்க ஒண்ணும் பொய் சொல்லலையே" என்று அம்மாள் ஒரு முடிச்சைப் போட்டாள். "கரையேறினவங்களைக் கேட்டிருக்கீங்க. கரையேறாதவங்களைக் கேட்டீங்களா?"

ஆதிமூலத்துக்குச் சுரீரென்றது. குருவாக இருந்தால் என்ன, எதைப் பேசுவது என்று இல்லையா?

"அம்மா, இந்த விளையாட்டு வேண்டாம். அதுல எம் பொண்டாட்டியும் இருக்கா."

"தெரியும் ஐயா. தெரிஞ்சுதான் கேக்கறேன்."

அம்மாள் நண்டுக்கூட்டைக் கீழே வைத்தாள்.

"பனி நாள்ல நீங்க கழிக்குள்ள நடந்திருக்கீங்களா?"

"நல்லாருக்கே! பனி நாள்ல நான் மணியடியிலல்ல நிப்பேன்?"

"நாளைக்கு நிக்காதீங்க" என்றாள் அம்மாள்.

மறுநாள் காலையில் பனி கரைவரை ஏறி வந்திருந்தது. பழைய மணி தொங்குகிற மரச்சட்டம் பத்தடியில் நின்றால்தான் தெரிந்தது. மட்டி பொறுக்கும் பெண்கள் நாலு பேர் அங்கே காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் மாரிக்கண்ணு. தோணி கட்டுகிற நீளக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கேட்காமல் கொள்ளாமல் அதை ஆதிமூலத்தின் இடுப்பில் சுற்றினாள்.

"நான் என்ன மாடா?" என்றார் அவர்.

"இருக்கட்டும்ணே" என்று இறுக்கிக் கட்டினாள். "கயிறு நகர்றது ரொம்ப நேரம் நின்னு போச்சுன்னா நாங்க இழுத்துடுவோம்."

கழியில் இறங்குமுன் நாலு பேரும் மடியிலிருந்து துணிக் கிழிசலை எடுத்துக் காதில் திணிக்க ஆரம்பித்தார்கள். பனி நாளில் அவர்கள் இப்படிச் செய்வதை அவர் வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறார்.

"குளிருக்கா?" என்றார், மாரிக்கண்ணு இரண்டாவது காதை அடைப்பதற்குள்.

"ஆமாண்ணே, குளிருக்குத்தான்." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அம்மாள் மணிச்சட்டத்தின் கீழே, பக்கத்தில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாதை வளையிற எடத்துல மாரிக்கண்ணு நின்னுக்குவா" என்றாள். "அங்கேயிருந்து நீங்க மட்டும் கரையைப் பாத்துத் திரும்பி, மணிச்சத்தம் வர்ற பக்கம் நடங்க. கால்ல எது தட்டினாலும் நில்லுங்க. நின்னு, 'என்ன குறை'ன்னு கேளுங்க. பதில் வந்தப்புறம் அடுத்த அடி எடுத்து வைங்க."

"யார்கிட்ட கேக்கறது?"

"தட்டினதுகிட்ட."

"மணி நல்லாக் கேக்குதான்னு கேக்கலாமா?"

"அதைக் கேட்டுக் கேட்டுத்தான் மூணாவது மணிவரைக்கும் வந்துட்டீங்களே!"

ஆதிமூலத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இன்னிக்கு யார் அடிப்பா?" என்று கேட்டார்.

அம்மாள் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி ஏறுறதுக்குள்ள போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மாரிக்கண்ணு முன்னால் போனாள். செருப்பைக் கழற்றிவிடச் சொல்லி ஜாடை காட்டினாள். காலடியில் சிப்பி நறநறவென்று நொறுங்கியது. பாதத்தில் குத்தியது. அந்தப் பெண்கள் தரையைப் பார்க்கவேயில்லை. ஒரே சீராக நடந்தார்கள். ஓரிடத்தில் சிப்பி இடது பக்கமாக வளைந்து போயிற்று. அந்த வளைவைத் தாண்டியதும் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். மாரிக்கண்ணு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, போகலாம் என்று தலையாட்டினாள். காது அடைத்தவளிடம் எதைக் கேட்பது? ஆதிமூலம் கரையிருக்கும் பக்கம் திரும்பி நின்றார். நாலடி தள்ளியதும் அவர்கள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதல் அடி கேட்டது. இரண்டாவது. மூன்றாவது. பிறகு ஒரு மூச்சு நேரம்.

தன் மணியை இத்தனை வருஷத்தில் அவர் தூரத்திலிருந்து கேட்டதேயில்லை. பக்கத்தில் நின்று அடிக்கிறவனுக்கு அது காதைப் பிளக்கிற சத்தம். இங்கே அது வேறு மாதிரி இருந்தது. சாப்பாடு ஆறுகிறது வா என்று வீட்டு வாசலில் நின்று யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

வந்த பாதை இடது பக்கம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இப்போதுதானே சிப்பி வளைந்ததைக் காலால் பார்த்தார்? ஆனால் கால் நேராகத்தான் போயிற்று. பத்தடியில் சிப்பி தீர்ந்துவிட்டது. பிறகு குளிர்ந்த சேறு கணுக்காலைப் பிடித்தது.

ஏதோ கால் விரலில் மாட்டியது. தடவிப் பார்த்தார். கம்பிப் பிடி. சேற்றுக்குள் ஒரு தூக்குச்சட்டி, மூடியோடு.

ஆதிமூலம் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தூக்குச்சட்டியிடம் பேசுவதை யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று ஒரு கூச்சம் வந்தது. இருந்தாலும் குரு சொன்ன வார்த்தை.

"என்ன குறை?" என்றார்.

மணி அடித்தது. மும்மூன்றாக.

அவர் அடுத்த அடி வைத்தார். முழங்கால்வரை இறங்கிற்று. காலைப் பிடுங்கி எடுத்து வைக்கிற ஒவ்வொரு தடவையும் பின்னால் இன்னொரு கால் பிடுங்குகிற சத்தம் கேட்டது. நின்றால் அதுவும் நின்றது. தன் காலடிதான் பனியில் திரும்பிக் கேட்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். திரும்பிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

அடுத்துத் தட்டியது பனையோலைக் கூடை. பாதி மக்கியிருந்தது. உள்ளே மட்டி அப்படியே இருந்தது.

"என்ன குறை?"

மணி அடித்தது. இந்தத் தடவை கொஞ்சம் பக்கத்தில் கேட்டது.

மூன்றாவது ஒரு சொம்பு. சாமி கும்பிட வருகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற சின்னச் சொம்பு. கழுத்தில் மஞ்சள் கயிறுகூட இற்றுப்போகாமல் இருந்தது. அதைக் காலால் தொட்டுக்கொண்டு நின்றபோதுதான் ஆதிமூலத்துக்கு ஒன்று உறைத்தது. அவர் எதையும் தேடிப் போகவில்லை. மணிச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்தார், அவ்வளவுதான். தூக்குச்சட்டி, கூடை, சொம்பு எல்லாமே அந்த நேர்க்கோட்டில் நூல் பிடித்தாற்போல் கிடந்தன.

சொம்பிலிருந்து காலை மெல்ல எடுத்தார்.

"என்ன... என்ன குறை?"

மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பதில் அதுதான். முதலிலிருந்து அதே பதிலைத்தான் கரையேறாதவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, கால் முன்னால்தான் போயிற்று. சேறு தொடைக்கு ஏறியது. கயிறு இழுபட்டு இடுப்பை அறுத்தது. தடுமாறிக் குனிந்தபோது கை எதிலோ பட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். அம்மாள் சொன்னபடி கேட்காமலே அதை எடுத்துவிட்டார்.

சேற்றைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரல் மூடியின்மேல் பட்டதுமே தெரிந்துவிட்டது. மூடியில் ஒரு சிட்டுக்குருவி. அலகு மழுங்கிய சிட்டுக்குருவி. கல்யாணமான வருஷம் அவர் கையால் வார்த்துக் கொடுத்த சுண்ணாம்புக் கரண்டகம். அலகு சரியாக வரவில்லை, மாற்றித் தருகிறேன் என்றபோது, இதுதான் வேண்டும் என்று செங்கமலம் மடியில் செருகிக்கொண்டது.

அந்த மனிதர் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு ஓவென்று அழுதார்.

"செங்கமலம், என்ன குறைடி?"

மணி அடித்தது. கரை இன்னும் ஒரு மைல் இருந்தது. ஆனால் மணி கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, காதோரத்தில் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அவருடைய அடி. அதே அழுத்தம், அதே இடைவெளி. தன்னை யாரோ தன் கையாலேயே கூப்பிடுவது போல் இருந்தது. அவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

கயிறு வெடுக்கென்று பின்னால் இழுத்தது.

சிப்பிமேல் வந்து விழுந்தபோது நெஞ்சுவரை சேறு. மணி நின்றிருந்தது. நாலு பெண்களும் மேல்மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். ஆதிமூலம் மாரிக்கண்ணுவின் காதைக் காட்டி, துணியை எடு என்று ஜாடை செய்தார். அவள் எடுத்தாள்.

"குளிருக்கில்லை. நெசத்தைச் சொல்லு."

மாரிக்கண்ணு மற்றவர்களைப் பார்த்தாள்.

"மணி கேட்டா கால் அந்தப் பக்கம் திரும்பிடும்ணே" என்றாள் கடைசியில். "பாதை வளைஞ்சு போகுது, ஆளை முழுங்குற உளைச் சேறு நடுவுல கெடக்குது. மணி நேராக் கூப்பிடுது. புத்திக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. அதான் காதை அடைச்சுக்கிட்டு சிப்பியை மிதிச்சே வந்துடுவோம்."

"இந்தச் சிப்பி?"

"நாங்கதான் கொண்டாந்து கொட்டினோம். மூணு வருசமா."

"வெளியூர்க்காரங்க?"

"பாத்தா சொல்லுவோம். காதை அடைச்சுக்குங்கன்னா சிரிப்பாங்க. இருட்டுல கெளம்புறவங்களை எங்க பாக்குறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" ஆதிமூலத்துக்குக் குரல் உடைந்தது. "ஒவ்வொரு தடவையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டேனே! கணீர்னு கேக்குதுன்னீங்களே!"

"எப்பிடிண்ணே சொல்றது? அக்காவப் பறிகொடுத்துட்டு, அக்கா பானையை உருக்கி ஊத்தின மணி. அதைக் கொற சொன்னா எங்க நாக்கு அழுகிடாது?"

ஆதிமூலம் கரண்டகத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். கேட்கவே கூடாது என்று நினைத்ததையும் கேட்டார்.

"அவ காதுல துணி வச்சுக்கலையா?"

மாரிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனையோ தரம் சொன்னோம்ணே. அக்கா மட்டும் கேக்காது. 'எம் புருஷன் கூப்பிடுறாரு, காதைப் பொத்திக்கிட்டா வருவாங்க?'ன்னு சிரிக்கும்."

எல்லாரும் எழுந்து கரையைப் பார்த்து நடந்தார்கள். சிப்பி நொறுங்குகிற சத்தம் மட்டும் கூடவே வந்தது.

அம்மாள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைந்ததாகவே தெரியவில்லை. ஆதிமூலம் சேறும் சகதியுமாக அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு மணி அடிக்கக் கூடாது அம்மா" என்றார். "இதுவும் கூடாது, புதுசும் கூடாது."

"சரி ஐயா."

"சாயங்காலம் ஜனங்களோட நானும் தீவுக்குப் போறேன். விடியல்ல சிப்பி மேல முன்னால நடந்து எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரணும். மாரிக்கண்ணு, நீங்களும் வரணும். வழி உங்களுக்குத்தான் தெரியும்."

"வர்றோம்ணே" என்றாள் மாரிக்கண்ணு.

"மணிக்குப் பதிலா என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலை அம்மா."

"இப்பத்தான் தெரியலைங்கிறீங்க. நாலு வருஷமா எல்லாம் தெரிஞ்சுதான வந்தீங்க?"

ஆதிமூலம் அழுகையோடு லேசாகச் சிரித்தார். பிறகு கையைக் கூப்பினார்.

"ஒண்ணு சொல்லணும். நீங்க அடிச்சது அச்சு அசல் என் அடி. மும்மூணா, அதே இடைவெளி விட்டு. நானே அடிச்ச மாதிரி இருந்துச்சு. எப்பக் கத்துக்கிட்டீங்க?"

அம்மாள் பக்கத்திலிருந்த கூடையை அவர் முன்னால் நகர்த்தினாள். அதற்குள் மணியின் இரும்பு நாக்கு கிடந்தது.

"நேத்து பொழுது சாயறப்பவே கழட்டி வச்சுட்டேன் ஐயா. உங்களைக் கழிக்குள்ள அனுப்பிட்டு மணியும் அடிப்பேனா?"

ஆதிமூலம் அண்ணாந்து பார்த்தார். மணியின் வாய்க்குள் ஒன்றும் இல்லை. பனி மட்டும் புகுந்து இறங்கிக்கொண்டிருந்தது. மாரிக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையை விரித்தாள். காதை அடைத்திருந்தவளுக்கு என்ன தெரியும்?

"அப்ப... அடிச்சது யாரு?"

"உள்ளே நின்னு என்ன கேட்டீங்க?"

"நீங்க சொன்னதைத்தான். என்ன குறைன்னு."

"எத்தனை தடவை?"

"நாலு."

"நாலு தடவையும் மணி அடிச்சுதா?"

ஆதிமூலம் தலையை ஆட்டினார்.

"அப்புறம் என்ன ஐயா?" என்றாள் அம்மாள். "கரையேறாதவங்களைக் கேட்டீங்க, சொல்லிட்டாங்க."